ஊசி ஐம்பத்தெட்டில் நிற்க வேண்டும்

மழைக்கு வழி தெரியாத கரிசல் பூமியில், கோவில்பட்டிக்குத் தெற்கே, ஒரு நூல் மில் இருந்தது, அந்த மில்லை நம்பி நாங்கள் நானூற்றுப் பன்னிரண்டு குடும்பங்கள் இருந்தோம், அந்த நானூற்றுப் பன்னிரண்டு வீட்டு உலையும் மூன்று வருஷம் குருவம்மாள் என்கிற ஒருத்தியின் துக்கத்தில்தான் கொதித்தது. இதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. ஆனாலும் நான்தான் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் அவளுக்குச் சேதி கொண்டுபோகும் வேலை என்னுடையதாக இருந்தது, வேறு யாராவது சொன்னால் என்னைக் கொஞ்சம் நல்லவளாகக் காட்டிவிடுவார்கள்.

பஞ்சு ரோஷக்காரச் சாமான். காற்று காய்ந்துகிடந்தால் இழை பொட்டுப் பொட்டென்று அறுந்து விழும், ஈரம் கூடிப்போனால் உருளையில் ஒட்டிச் சுற்றிக்கொண்டு மெஷினையே நிறுத்திவிடும், இரண்டுக்கும் நடுவில் ஒரு அளவு இருக்கிறது, அந்த அளவில்தான் நூல் என்பது நூலாக ஓடும். எங்கள் ஷெட்டின் நடுத்தூணில் ஈரமானி ஒன்று தொங்கியது. கடிகார வட்டம், அதில் ஒரே ஒரு ஊசி, அந்த ஊசி ஐம்பத்தெட்டில் நிற்க வேண்டும். காற்றில் ஈரம் ஊதுகிற பெரிய மெஷின் ஒரு சித்திரை மாதம் செத்துப்போனது, முதலாளி அதை ரிப்பேர் பார்க்கப் போவதில்லை என்றும் ஆடி முடிந்ததும் மில்லைப் பூட்டப்போகிறார் என்றும் கேட்டில் நோட்டீஸ் ஒட்டினார்கள். வறண்ட மேல்காற்று அடிக்க அடிக்க ஊசி முப்பத்தொன்றில் படுத்துக்கொண்டது, நாங்கள் அறுந்த இழையை ஒட்டி ஒட்டி விரல் தோல் உரிந்துபோனோம்.

அந்த ஆனி மாதத்தில் ஒருநாள், போர்வெல் போடுகிற லாரியில் வேலை பார்க்கும் ஒருவன் கேட்டுக்கு வந்து குருவம்மாளைக் கூப்பிட்டுவிட்டான். அவளுடைய ஒரே மகன் சீனிராஜ் அந்த லாரியில்தான் வடக்கே போயிருந்தான், பத்தொன்பது வயசு. வழியில் ஒரு பெட்ரோல் பங்கில் இறங்கினான், திரும்ப ஏறவில்லை, தேடிப் பார்த்துவிட்டு லாரி கிளம்பிவிட்டது என்று வந்தவன் சொன்னான். புருஷன் போய்ப் பன்னிரண்டு வருஷம் ஆகியிருந்த குருவம்மாள் அதைக் கேட்டு அப்படியா என்றாள், பானையில் ஒரு தம்ளர் தண்ணீர் மோந்து குடித்தாள், திரும்பிவந்து தன் மெஷினில் நின்றாள், ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. கண்ணில் வரவேண்டியது காற்றில் வந்தது. அரைமணி நேரத்தில் ஷெட்டுக்குள் கார்த்திகை மாசத்துக் காலைபோலக் குளிர்ந்தது, அவள் நின்ற வரிசையில் முதலில் இழை அறுவது நின்றது, பிறகு அடுத்த வரிசையில், பிறகு எல்லா வரிசையிலும். ஊசி ஐம்பத்தெட்டுக்கு வந்தது. மேஸ்திரி மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, நாளையிலிருந்து அந்தம்மாவை நடுத்தூண் பக்கம் மாற்றிப் போடுங்கள், எல்லாப் பக்கமும் சமமாகப் போகும் என்றார், நாங்களும் அதுதான் சரி என்றோம்.

ஐந்தாம் நாள் ஊசி நாற்பத்துநாலுக்கு இறங்கியது. அவள் மனசு ஆற ஆரம்பித்துவிட்டது, பிள்ளை எங்கேயாவது நல்லா இருப்பான் என்று அவளே தனக்குச் சொல்லிக்கொண்டாள். நாங்கள் மறுபடி இழை ஒட்ட ஆரம்பித்தோம்.

அப்போதுதான் ஞானதுரை சார் காண்டீன் சுவரில் சாக்பீஸால் படம் போட்டார். ஈர மெஷினைப் பார்த்துக்கொள்ள வந்த என்ஜினீயர் அவர், மெஷின் செத்தபிறகு அவருக்கு வேலை இல்லை, வேலையில்லாத என்ஜினீயரைப்போலப் பொல்லாத மனுஷன் உலகத்தில் கிடையாது. ஒரு வட்டம் போட்டார். வேண்டியது எவ்வளவு, இருப்பது எவ்வளவு, இரண்டுக்கும் வித்தியாசம் எவ்வளவு, வித்தியாசத்துக்குத் தக்கபடி ஏதாவது செய், செய்ததால் என்ன ஆனது என்று திரும்பப் பார், பார்த்ததற்குத் தக்கபடி மறுபடி செய், அவ்வளவுதான், உடம்பில் சூடு நிற்பதும் இப்படித்தான், கப்பல் கரை சேர்வதும் இப்படித்தான் என்றார். பெண்களுக்குப் புரிவதற்காகத் தோசைக்கல்லைச் சொன்னார். அடுப்பைக் கூட்டினால் தீ உடனே கூடும், கல் உடனே கேட்காது, அது கேட்பதற்குள் பொறுமை இல்லாதவள் இன்னும் கூட்டுவாள், பிறகு கல் மொத்தமாகக் காய்ந்து தோசை கருகும், பதறிப்போய்த் தீயை அடியோடு அணைப்பாள், அடுத்த தோசை பிய்ந்து வரும். அதனால் கல்லைப் பார்க்கக் கற்றுக்கொள்ளுங்கள், தீயைப் பார்க்காதீர்கள் என்றார்.

யூனியன் தலைவர் வெயிலுமுத்து அண்ணாச்சி எல்லாம் சரிதான், ஏதாவது செய் என்கிறீர்களே, என்ன செய்வது என்று கேட்டார். ஞானதுரை சார் என்னைப் பார்த்தார். குருவம்மாளுக்குப் படிக்கத் தெரியாது. அவளுக்கு அடுத்த வீடு என் வீடு, டைம் ஆபீசுக்கு வரும் கடுதாசியை அவளுக்குப் படித்துக் காட்டுகிறவள் நான். அத்தனை பேரும் என்னைப் பார்த்தார்கள்.

மறுநாள் காலை எட்டு மணிக்கு நான் அவளிடம் போய், நாக்பூர்ப் பக்கம் ஒரு கிணற்றில் பேர் தெரியாத ஒரு பையன் கிடந்தானாம் என்று ஒரு கடுதாசியைப் படித்தேன். அது மின்சார வாரியத்திலிருந்து வந்த வேறு யாருடைய கடுதாசியோ. பன்னிரண்டு மணிக்கு ஊசி அறுபத்திரண்டு. கூடிப்போயிற்றே என்று, அந்தப் பையனுக்கு ஆறு விரலாம், நம்ம பிள்ளை இல்லை என்று சொன்னேன், சாயங்காலம் ஐம்பத்தெட்டு. ஆடி முடிந்தது, மில் பூட்டப்படவில்லை, நோட்டீசைக் கிழித்துவிட்டு அந்த இடத்தில் முதலாளி ஆயுதபூஜைக்குச் சர்க்கரைப் பொங்கல் என்று எழுதிப் போட்டார்.

சார் சொன்ன தோசைக்கல் பாடத்தை நாங்கள் மறந்தது பங்குனியில். நான் எட்டு மணிக்கு ஒரு கெட்ட சேதி சொல்லியிருந்தேன், ஒன்பதாகியும் ஊசி அசையவில்லை, மேஸ்திரிக்குப் பொறுக்கவில்லை, அவர் போய் அவளிடம் இன்னொன்றைச் சொன்னார், பத்து மணிக்கு அவருடைய மச்சான் போய் மூன்றாவதைச் சொன்னான். பதினொன்றரைக்கு மூன்றும் சேர்ந்து வந்தது. கூரைத் தகரத்திலிருந்து ஷெட்டுக்குள் மழை பெய்தது, ஊசி எண்பத்தெட்டைத் தாண்டியது, உருளையெல்லாம் பஞ்சு சுற்றிக்கொண்டு நின்றது. பதறிப்போய் எல்லோரும் ஓடி ஓடி அவளிடம் நல்ல சேதியாகச் சொன்னோம், பையன் கிடைத்துவிட்டான் என்றோம், ரயில் ஏறிவிட்டான் என்றோம், நாளைக்கு வருகிறான் என்றோம். நாலு மணிக்குக் காற்று வறண்டு மூக்கில் ரத்தம் வந்தது, ஒரு பொறி பறந்தது, பஞ்சு பற்றிக்கொண்டது, எங்களோடு மெஷினில் நின்ற பவுன்தாயியின் இரண்டு கையும் முழங்கைவரை வெந்துபோனது. இன்றைக்கும் அவள் தலையை அவள் மகள்தான் வாரிவிடுகிறாள். அதற்குப் பிறகு சட்டம் போட்டோம். சேதி சொல்வது நான் ஒருத்திதான், ஒரு தடவைக்கு ஒரு சேதிதான், சொன்னால் நாலு மணி நேரம் யாரும் வாயைத் திறக்கக்கூடாது.

ஊர் இதற்குப் பழகியதுதான் ஆச்சரியம் என்று வெளியூர்க்காரர்கள் சொல்லக்கூடும், எங்களுக்கு அதில் ஆச்சரியம் ஒன்றுமில்லை. டீக்கடைப் பலகையில் வடை, பஜ்ஜிக்கு மேலே அன்றைய ஊசி எழுதப்பட்டது. வெள்ளிக்கிழமை ஈரமானிக்குச் சந்தனம் குங்குமம் வைத்தோம். வெளிச் சந்தோஷமும் வெளித் துக்கமும் கணக்கைக் கெடுக்கும் என்று ஞானதுரை சார் சொன்னதால் அவள் தெருவில் கல்யாண ஊர்வலம் போகவில்லை, சாவு மேளம் அடிக்கவில்லை, பக்கத்து வீட்டில் குழந்தை பிறந்ததை மூன்று மாசம் அவளுக்குத் தெரியாமல் மறைத்தோம், குழந்தை அழுதால் ரேடியோ என்று சொன்னோம். அவளுடைய கூடப்பிறந்த அக்கா எட்டயபுரத்தில் மார்கழி மாதம் இறந்துபோனாள். மார்கழியில் எங்களுக்கு ஈரம் தேவைப்படவில்லை. அந்தச் சாவை எடுத்துவைத்து அடுத்த ஆனியில் மேல்காற்று அடிக்கும்போது சொன்னோம், ஒன்பது நாள் தாங்கியது. மற்றபடி அவளை நாங்கள் தங்கமாகப் பார்த்துக்கொண்டோம், அவள் கஞ்சி குடிக்காமல் ஒருநாள் படுத்ததில்லை, காய்ச்சல் என்றால் மானேஜரே மாத்திரை வாங்கி வருவார்.

இரண்டாவது வருஷம் சேதிக்கு வேகம் குறைந்தது. கிணற்றுக்கும் ரயில் தண்டவாளத்துக்கும் அவள் மசியவில்லை, ஊசி ஒரு கோடு ஏறி நின்றுவிட்டது. சார் ஒரு வாரம் நோட்டுப் போட்டு யோசித்துவிட்டு, நாம் படத்தை அரைகுறையாகப் போட்டுவிட்டோம் என்றார். துக்கம் என்பது வருகிற தண்ணீர் மட்டும்தான், அதற்குப் பின்னால் ஒரு கண்மாய் இருக்கிறது, அந்தக் கண்மாய் நம்பிக்கை, அதில் தண்ணீர் இருந்தால்தான் மடையைத் திறந்து பிரயோஜனம், நாம் நிரப்பாமலே திறந்துவிட்டுக்கொண்டிருக்கிறோம் என்றார். அதனால் திங்கள்கிழமை தோறும் அவளுக்கு நம்பிக்கை கொடுக்கச் சொன்னார். நம்பிக்கையை எதில் செய்வது என்று எனக்குத் தெரிந்திருந்தது. ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகு வாசலில் உட்கார்ந்து அவளே எனக்கு அவனைப் பற்றிச் சொல்வாள், தாடையில் தழும்பு வந்த கதை, பள்ளிக்கூடத்துக்குப் போகமாட்டேன் என்று தானியக் குலுக்கைக்குள் ஒளிந்த கதை, கருவாட்டுக் குழம்பு என்றால் சட்டியை வழிப்பான் என்பது. சனிக்கிழமை கேட்டதைத் திங்கள்கிழமை கடுதாசியில் எழுதி அவளுக்கே படித்தேன். அவள் முகம் மலரும், நான் புதன்கிழமை அதைப் பறிப்பேன்.

இனிச் சொல்லப்போவது எனக்கும் சாருக்கும் மட்டும்தான் தெரியும். அந்த வருஷம் சீனிராஜிடமிருந்து நிஜமாகவே ஒரு கடுதாசி வந்தது. வடக்கே ஒரு ஊர் ஜெயிலில் இருப்பதாகவும், டீசல் திருடியதாக வேறு யாரோ செய்ததைத் தன் தலையில் கட்டிவிட்டார்கள் என்றும், சொந்தக்காரர் ஒருவர் வந்து கையெழுத்துப் போட்டால் விட்டுவிடுவார்கள் என்றும், அம்மா யாரையாவது கூட்டிக்கொண்டு வரும்படியும் எழுதியிருந்தான். ஊர் பெயர், ஜெயில் பெயர் எல்லாம் இருந்தது. அன்றைக்கு ஊசி சரியாக ஐம்பத்தெட்டில் நின்றது. நான் கொண்டுபோய்க் கொடுத்த அந்தக் கடுதாசி மூன்று வாரம் சாரின் மேஜை டிராயரில் இருந்தது, ஊசி அறுபத்தைந்துக்கு ஏறிய அன்று எடுத்துக் கொடுத்தார், நான் பிள்ளை உயிரோடு இருக்கிறான் என்பதை மட்டும் படித்தேன், ஊர் பெயரைப் படிக்கவில்லை. படித்திருந்தால் அவள் கிளம்பிப் போயிருப்பாள், ஷெட்டில் யார் நிற்பது. அவள் அந்தக் காகிதத்தை வாங்கி முகர்ந்து பார்த்துவிட்டு, மற்ற கடுதாசிகளோடு சேர்த்து டிரங்குப் பெட்டியில் வைத்தாள்.

மூன்றாவது வருஷம் ஐப்பசியில் அடைமழை. வெளியே இருக்கிற ஈரமே போதும் போதும் என்றிருக்க, அவளுடைய ஈரமும் சேர்ந்து ஊசி அறுபத்தொன்பதில் நின்றது, எந்த நல்ல சேதிக்கும் இறங்கவில்லை, மூன்று மெஷின் நின்றுவிட்டது. அப்படி ஒரு முற்பகலில் கேட்டுக்கு வெளியே ஒரு ஆள் வருவதைப் பார்த்தேன். தாடி, ஒட்டிய கன்னம், முகத்தை வைத்து எனக்கு அடையாளம் தெரியவில்லை. இடதுகாலைக் கொஞ்சம் வெளிப்பக்கம் வீசி வீசி நடப்பது அந்த வீட்டு நடை, செத்துப்போன அவன் அப்பனும் அப்படித்தான் நடப்பான். கேட்டுக்கு ஓடினேன்.

"முத்துக்கனி சித்தி, எங்கம்மா இருக்காளா?" என்று கேட்டான்.

இருக்கிறாள் என்று சொல்லி, ஜெயிலில் காலம் முடிந்து வந்திருந்த அவனைக் கேட்டடியிலேயே உட்காரவைத்தேன், அதற்குள் காண்டீனில் யூனியன் கமிட்டி கூடிவிட்டது. ஞானதுரை சார் நோட்டைப் பிரித்துக் கணக்குப் போட்டார். பையன் வந்து தங்கிவிட்டால் ஊசி இறங்கும், இறங்கி முப்பதில் போய்ப் படுக்கும், பிறகு எந்தக் காலத்திலும் ஏறாது. பையனை அவளுக்குக் காட்டாமலே திருப்பி அனுப்பினால் இன்றைக்கு ஆறு மெஷின் நிற்கும். பத்து நிமிஷம் காட்டிவிட்டு அனுப்பினால் ஐம்பத்தெட்டு. வெயிலுமுத்து அண்ணாச்சி, பத்து நிமிஷத்துக்குச் சரி என்கிறவர்கள் கையைத் தூக்குங்கள் என்றார். என் கையும் மேலேதான் இருந்தது. சத்தியமாகச் சொல்கிறேன், அந்த நேரம் எனக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது, மூன்று வருஷத்தில் முதல் தடவையாக நிஜமான ஒன்றை அவளிடம் கொண்டுபோகப் போகிறேன் என்று நினைத்தேன்.

அவனிடம் அண்ணாச்சி பேசினார். அம்மாவுக்கு மனசு சரியில்லை, ஒரேயடியாகச் சந்தோஷப்பட்டால் உயிருக்கு ஆபத்து என்று டாக்டர் சொல்லியிருக்கிறார், இப்போது பத்து நிமிஷம் பார், திண்டுக்கல்லில் உனக்கு ஒரு வேலை சொல்லிவைத்திருக்கிறோம், பன்னிரண்டேகால் பஸ்ஸில் போய்விடு, தை பிறந்ததும் வந்து தங்கு என்றார். நாங்கள் அவனைத் தோளில் தூக்கி வளர்த்தவர்கள், அவன் எங்களை நம்பினான்.

நடுத்தூண் பக்கம் அவளிடம் அவனைக் கூட்டிப்போனேன். அவள் நிமிர்ந்து முதலில் ஊசியைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள், கடைசியாகத்தான் அவனைப் பார்த்தாள்.

"அறுபத்தொம்போதுல நிக்கி," என்றாள். "காலைலயே நெனச்சேன், இன்னைக்கு நல்ல சேதி வரும்னு."

அவளுக்கு எழுத்துத்தான் தெரியாது, ஊசி தெரிந்திருந்தது. எத்தனை நாளாகத் தெரியும் என்று நான் கேட்கவில்லை.

"எம்மா, நாந்தாம்மா, சீனி," என்றான் அவன். அவள் கையை நீட்டி அவன் தாடியை விலக்கித் தழும்பைத் தடவிப் பார்த்தாள், தழும்புகூடப் போட்டிருக்கிறார்கள் என்று என்னிடம் சொன்னாள். அவன் குலுக்கைக்குள் ஒளிந்த கதையைச் சொன்னான், கருவாட்டுக் குழம்பைச் சொன்னான், அழுதுகொண்டே சொன்னான். அவள் எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள்.

"இதெல்லாம் நான் இவகிட்ட சொன்னதுதான், தம்பி," என்றாள். "பாவம், நல்லாப் படிச்சிட்டு வந்திருக்க. காண்டீன்ல சாப்ட்டுட்டுப் போ."

அவன் என்னைப் பார்த்தான். அம்மாவுக்கு மனசு சரியில்லை என்று நாங்கள் சொன்னதை அந்த நிமிஷம் அவன் முழுசாக நம்பியது அவன் முகத்தில் தெரிந்தது. குனிந்து அவள் காலைத் தொட்டான், அவள் கூச்சப்பட்டுக் காலை இழுத்துக்கொண்டாள். அண்ணாச்சி அவன் தோளில் கை போட்டு பஸ் ஸ்டாண்டுக்குக் கூட்டிப்போனார். ஊசி அறுபத்தொன்பதைவிட்டு அசையவில்லை, ஞானதுரை சார் நோட்டில் பலனில்லை என்று எழுதினார்.

அவன் கேட்டைத் தாண்டி நடந்து போவதைக் குருவம்மாள் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டு நின்றாள். பார்க்கப் பார்க்க ஊசி ஏற ஆரம்பித்தது. எழுபத்துமூன்று, எழுபத்தெட்டு. கூரையில் துளி கோத்தது, நாலாவது மெஷின் நின்றது, ஐந்தாவது நின்றது. அவள் மெஷினை விட்டுவிட்டு என்னிடம் வந்தாள், மூன்று வருஷத்தில் ஒருதடவையும் அவள் அப்படி நடுவில் வந்ததில்லை.

"மத்ததெல்லாம் நான் ஒனக்குச் சொன்னது, முத்துக்கனி. நடைய நான் யார்ட்டயும் சொல்லல," என்றாள். "இத்தன வருஷம் நீ சொன்ன எதையும் நான் ஏன்னு கேக்கல. இது ஒண்ண மட்டும் நெசத்தச் சொல்லிரு. அவன் யாரு?"

மணி பன்னிரண்டு ஐந்து. பஸ் ஸ்டாண்டு கூப்பிடு தூரம், ஓடினால் பிடித்துவிடலாம். ஒம்பிள்ளதான்க்கா, ஓடு என்று சொல்ல வாயெடுத்தேன், வாயெடுத்தது நிஜம். என்னை அறியாமல் என் கண் தூணுக்குப் போனது. எண்பத்துநாலு. ஆறாவது மெஷின் நின்றது, அத்தனை பேரும் கையைக் கட்டிக்கொண்டு என் வாயையே பார்த்துக்கொண்டு நின்றார்கள், பவுன்தாயிகூடக் கூட்டுமாறை வெந்த கையில் இடுக்கிக்கொண்டு நின்றாள். எனக்குப் பயமாக இருந்தது. அதைத் தவிர வேறு காரணம் சொல்ல எனக்கு இல்லை.

"கழுகுமலைப் பையன்க்கா. நாடகத்துல நடிக்கவன்," என்றேன். "நடையும் நான் சொல்லிக் குடுத்ததுதான். ஒம்பிள்ள நடந்தத நான் பாத்திருக்கேன்லா."

அவள் ஒருதடவை ஜன்னலைத் திரும்பிப் பார்த்தாள்.

"நல்லாத்தான் சொல்லிக் குடுத்திருக்க," என்று சொல்லிவிட்டுத் தன் இடத்துக்குப் போனாள்.

ஊசி எண்பதுக்கு வந்தது, எழுபத்தொன்றுக்கு வந்தது. பன்னிரண்டேகால் பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு மில் காம்பவுண்டைக் கடந்துபோனபோது நான் நிமிர்ந்து பார்த்தேன், அவள் பார்க்கவில்லை, குனிந்து உருளையில் சுற்றியிருந்த பஞ்சைக் கத்தியால் அறுத்துக்கொண்டிருந்தாள். ஒரு மணிக்கெல்லாம் ஐம்பத்தெட்டு. சாயங்காலம் ஷிப்டு முடிகிறவரை ஒரு இழைகூட அறுந்து விழவில்லை.